மலையடிவாரத்தில் அஞ்சு சென்ட்

2013 ஆவணி பிறந்த வாரம் அந்த சைட்டை முதல் தடவை பார்க்கப் போனேன். ஆம்னி வேனில் எங்களை மாதிரி எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலை பத்து மணி வெயில், முகப்பில் புதுசாக பெயின்ட் அடித்த ஆர்ச், செம்மண் ரோடு, மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், பின்னால் நீலமாக மலை. "வடவள்ளியில இந்தக் காசுக்கு ரெண்டு சென்ட்டுதானுங்க வரும். இங்க அஞ்சு சென்ட். மலைக்காத்து இலவசமுங்க" என்றார் சைட் போட்டவர். எனக்கு அந்தக் காற்றே போதுமாக இருந்தது. கணபதியில் ஒண்டுக்குடித்தனத்தில் பதினோரு வருஷம் இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கோவைக்கு வடமேற்கே, தடாகம் பள்ளத்தாக்கில் ஒரு ஊர். எந்த ஊர், யார் போட்ட சைட் என்பதெல்லாம் வேண்டாம். வாங்கியபோது யாராவது பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். யானை வழியில் வீடு கட்டி நான் பட்டதைச் சொல்லும் அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில். இங்கே நான், அத்தை, அப்போது மூன்று வயதில் இருந்த பையன். நான் ஒரு பம்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பணம் அனுப்புவது அவர்; இடம் தேடுவது, கடன் வாங்குவது, மேஸ்திரியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான்தான். அஞ்சு சென்ட் பன்னிரண்டரை லட்சம், பத்திரச் செலவு எண்பதாயிரம்.

கடனுக்கு வங்கிக்குப் போனபோதே மணி அடித்தது. மேனேஜர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "இது பஞ்சாயத்து அப்ரூவல்மா, டிடிசிபி அப்ரூவல் இல்ல, நாங்க தரமாட்டோம்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்குத் திரும்பி யோசித்திருக்க வேண்டும். வங்கிக்காரன் ஏழைக்கு எங்கே கொடுப்பான் என்று திட்டிக்கொண்டே போய், பிரைவேட் ஃபைனான்ஸில் 16 சதவீத வட்டிக்கு எட்டு லட்சம் வாங்கினேன். மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி என்கிற நகர ஊரமைப்புத் துறைதான் கொடுக்க வேண்டும். அதிலும் மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றை 1990லேயே மலைதளப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பேச்சுவழக்கில் 'ஹாக்கா ஏரியா' என்பார்கள். அங்கே மனை பிரிக்க வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று வரிசையாகத் தடையின்மைச் சான்று வேண்டும். நம் பக்கம் அடிவாரத்தில் இடம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சென்ட் என்ன விலை என்பதல்ல, இந்தக் கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கிறதா என்பதுதான். வங்கி மறுத்தால் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த சட்ட ஆலோசனை.

காகிதம் படிக்கத் தெரியாவிட்டாலும் கண் போதும். என் கண்ணுக்கு எதிரே எல்லாமே இருந்தது. அந்த ஊரில் வாழைத்தோட்டம் ஒன்றுகூட இல்லை. கிணறும் தண்ணீரும் உள்ள செம்மண் பூமியில் ஒருத்தரும் வாழை வைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? ரேஷன் கடையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் புதுசாகப் பூசியிருந்தது. பெட்டிக்கடையில் ஐப்பசிக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே பட்டாசு தொங்கியது. வேப்பமரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே காய்ந்த சேறு அப்பியிருந்தது. மாடு அவ்வளவு உயரத்தில் உரசாது. பகல் பத்து மணிக்கு வேனில் கூட்டிப்போய்க் காட்டினால் மலை மட்டும்தான் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு நீங்களாகப் போய் டீக்கடையில் உட்காருங்கள். பால் ஊற்றுகிறவரிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் பேச்சுக் கொடுங்கள். சைட் போட்டவருக்கு விற்க வேண்டும், அவர்களுக்கு அது இல்லை. கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, காப்புக்காட்டு எல்லை எங்கே, பள்ளம் எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். எங்கள் சைட்டின் வடக்கு ஓரத்தில் 'ரோடு' என்று காட்டியது கிராம வரைபடத்தில் பள்ளம். தண்ணீர் வருஷத்தில் பத்து நாள் வரும். யானை வருஷம் பூராவும் அந்த வழியில் வரும்.

2014 தையில் கடைக்கால் போட்டோம். தொள்ளாயிரம் சதுர அடி, பதினாலு லட்சம் ஆனது. போர் எழுநூற்று ஐம்பது அடி போய்த்தான் தண்ணீர் கண்டது, அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். செங்கல்லுக்கு மட்டும் கஷ்டமே இல்லை. தடாகம் சேம்பர் கல் என்றால் கோவை, திருப்பூர் மட்டுமில்லை, கேரளா வரைக்கும் பேர். லாரி சுத்தி வரத் தேவையில்லாமல் அரை மணியில் வந்து இறக்கிவிட்டுப் போனது. மண் எடுத்த குழிகளைப் பின்னால்தான் பார்த்தேன். பனைமரம் ஏறினாலும் எட்டாத ஆழத்துக்குத் தோண்டிவைத்திருந்தார்கள். ஓடை பாதியில் அறுந்து குழிக்குள் விழுந்தது. சூளை எரிக்கப் பனைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். யானைக்குப் பனம்பழம் என்றால் உயிர் என்று அத்தைதான் சொன்னார். கோர்ட் வரைக்கும் போய் 2021இல்தான் அந்தச் சூளைகளை மூடினார்கள். ஆனால் என் சுவரில் இருக்கிற கல் அந்தக் குழியிலிருந்து வந்ததுதான். இதைப் பின்னால் யானையைக் குறை சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

குடி போய் முதல் வருஷம் ஒன்றும் இல்லை. மயில் வந்தது, காலையில் எழுந்தால் மேகம் மலையில் படுத்திருக்கும், பையன் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருந்தான். 2016இல் பின்வீதியில் பிளிறல் கேட்டது. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு அக்கா சாவகாசமாக, "வருமுங்க, போகுமுங்க, நாம ஒண்ணும் பண்ணாட்டி அதுவும் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். அதே வருஷம்தான் அனுமதி இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று ஹைகோர்ட் தடை போட்டது. அன்றைக்குப் பேப்பரைப் பார்த்து உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழவில்லை. அடுத்த வருஷம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் போட்டு ஆறடிக்கு காம்பவுண்ட் கட்டினேன். யானைக்கு ஆறடிச் சுவர் ஒரு பொருட்டா என்று மேஸ்திரியே சிரித்தார். எனக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டுமே.

2018 கார்த்திகை. கரண்ட் இல்லை. ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும். வீதி நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தவை ஒரே நேரத்தில் நின்றன. அப்புறம் ஒரு வாசம், ஈர வைக்கோலும் சாணமும் கலந்த மாதிரி. காம்பவுண்ட் சுவர் சரிந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை; மூட்டையைக் கீழே போட்ட மாதிரிதான் இருந்தது. சமையல்கட்டுப் பின்கதவு அப்படியே நிலையோடு உள்ளே வந்தது. அத்தை என் கையைப் பிடித்து, "சத்தம் போடாத கண்ணு" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, "விநாயகா, தின்னுட்டுப் போயிரு சாமி, தின்னுட்டுப் போயிரு" என்று முனகிக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். எட்டு வயசுப் பையன் அழ ஆரம்பித்தான். வாயைப் பொத்தினேன். பயத்தில் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருக்கிறேன்; அவன் திமிறியபோதுதான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை எனக்கே பிடிக்காது. ஒன்றரை மணி நேரம். அது அரிசி தின்னும் சத்தம், மூச்சு விடும் சத்தம், வயிறு உறுமும் சத்தம் எல்லாம் நாலு அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம்.

விடிந்து பார்த்தால் பொன்னி அரிசி மூட்டை, ரேஷன் அரிசி, உப்பு டப்பா, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வாங்கிவைத்த தவிடு எல்லாம் காலி. ஃபிரிட்ஜ் குப்புறக் கிடந்தது. ரிப்பேர் அறுபத்தெட்டாயிரம். இங்கே நான் செய்த தப்பு, பயத்திலும் அசிங்கத்திலும் ஏழு மணிக்கே எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வனத்துறைக்குப் போன், அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது. கால்தடம், உடைந்த சுவர், சிந்திய அரிசி எல்லாவற்றையும் தேதி விழும்படி போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, வீட்டு வரி ரசீது, பாஸ்புக் நகல், ரிப்பேர் பில் எல்லாம் ரெண்டு செட் எடுத்து வையுங்கள். நஷ்டஈட்டு மனு கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட நகலை வாங்காமல் வராதீர்கள். நான் வாங்கவில்லை; மறுபடி எழுதிக்கொடுத்து, ஏழு மாதம் நடந்து, கடைசியில் வந்த தொகை செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக லீவ் போட்ட நாளைக் கணக்கெடுத்தால் அதுவும் நஷ்டம்தான்.

அந்தச் சமயத்தில் பள்ளத்தாக்கில் விநாயகன், சின்னத்தம்பி என்று ஊரே பேர் வைத்த ரெண்டு ஆண் யானைகள் சுற்றிக்கொண்டிருந்தன. டிசம்பரில் விநாயகனைப் பிடித்து முதுமலைப் பக்கம் விட்டார்கள். 2019 ஜனவரியில் சின்னத்தம்பியை டாப்சிலிப் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது காட்டில் நிற்காமல் இறங்கி, நடந்தே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றது டிவியில் ஓடியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். டிவியில் அதைப் பார்த்து அத்தை அழுதார். என் சமையல்கட்டை உடைத்த ஜாதிதானே என்று எனக்குக் கோபம், அத்தைக்கு, "அதுவும் புருஷன் ஊட்ட விட்டுத் தொரத்துன பொம்பளயாட்டம் நிக்குது பாரு." சரி, ரெண்டையும் கொண்டுபோனார்களே, யானை வருவது நின்றதா? மூன்றே மாதத்தில் வேறொன்று அதே பள்ளத்தில் வந்தது. வழி இருக்கிறவரை வேறொருத்தர் வருவார்.

அதற்கப்புறம்தான் அங்கே இருக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமே போகாத ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், ஆனைகட்டிப் பக்கத்து இருளர். முதல் வேலையாக அரிசியைச் சமையல்கட்டிலிருந்து நடு அறைக்கு மாற்றச் சொன்னார். மூடி இறுகிய டிரம்மில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். உப்பும் அப்படித்தான். புண்ணாக்கு, தவிடு வீட்டிலேயே கூடாது. காம்பவுண்டுக்குள் நான் ஆசையாக வைத்த பலா காய்க்க ஆரம்பித்திருந்தது. பிஞ்சிலேயே பறித்துவிடச் சொன்னார். குப்பையை வெளியே கொட்டினால் பன்றி வரும், பன்றிக்கு எவனாவது தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைப்பான், அதை யானை கடிக்கும், வாய் கிழிந்து மாசக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும் என்று அவர் சொன்ன அன்றிலிருந்து சோற்றுப் பருக்கையைக்கூட நான் வெளியே போட்டதில்லை. எங்கள் வீதி முனையில் கிடந்த யானைச் சாணத்தில் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் முழுசாக இருந்ததை நானே குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் நம் வீட்டுக் குப்பைதான்.

யானை நின்றால் டார்ச்சைக் கண்ணில் அடிக்கக்கூடாது, பட்டாசு போடக்கூடாது, போனைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. ஆள் செத்ததில் பாதி இந்த போன் பைத்தியத்தால்தான் என்பார் அவர். அது போக ஒரு வழி விட்டுவிட்டு நாம் உள்ளே இருக்க வேண்டும். ஸ்கூட்டியில் வரும்போது எதிரே கண்டால் ஹார்ன் அடிக்காமல் நின்று, திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். நாலு நாள் நான் கம்பெனித் தோழி வீட்டில் தங்கியிருக்கிறேன். விடியும் முன்னும் அந்தி சாய்ந்தும் நடக்கப் போகக்கூடாது. கழிப்பறை வீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் செத்தவர்களில் ராத்திரி ஒதுங்கப் போனவர்களும் உண்டு. ரேஞ்சர் ஆபீஸ் நம்பரையும் ஊர் வாட்ஸ்அப் குரூப்பையும் குடிபோகும் முதல் நாளே வாங்குங்கள், நான் வாங்கியது மூன்றாவது வருஷம்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. சுவர் இடிந்த வாரம், தோட்டம் வைத்திருந்த ஒருத்தர் வந்து, "கம்பி கட்டி நேரா லைன் குடுத்துரலாமுங்க, ராத்திரி மட்டும்" என்றார். ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. சோலார் வேலி என்பது வேறு; அது விட்டு விட்டு அடித்து மிரட்டும், கொல்லாது. நேரடி கரண்ட் யானையையும் கொல்லும், விடியற்காலை பூப்பறிக்க வருகிறவளையும் கொல்லும். யானை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், செத்தால் ஜெயில். சோலார் வேலிக்குமே 2023இல் அரசு தனியாக விதி போட்டிருக்கிறது, காட்டோரத்தில் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும்.

ராத்திரி தூக்கம் வராத நாட்களில் கணக்கு எழுதுகிறவளின் புத்தி சும்மா இருக்காது. ஜனத்தொகை கூடிப்போச்சு, அதான் காடு போச்சு என்று டீக்கடையில் சொல்வார்களே, அதைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2001க்கும் 2011க்கும் நடுவில் ஜனம் 6.24 கோடியிலிருந்து 7.21 கோடி, 15 சதவீதம் சொச்சம்தான் கூடியிருக்கிறது. வீடுகள், அதாவது குடும்பங்கள், சுமார் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சம். முப்பது சதவீதம்! ஆள் கூடியதுபோல ரெண்டு மடங்கு வேகத்தில் அடுப்பு கூடியிருக்கிறது. பிள்ளை பெறுவதும் குறைந்துதான் போச்சு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை. என் வீட்டிலேயே பாருங்கள். அத்தை வாக்கப்பட்ட வீட்டில் பதினோரு பேருக்கு ஒரு அடுப்பு, ஒரு கிணறு. அந்தப் பதினோரு பேரின் வாரிசுகள் இன்றைக்கு ஆறு வீட்டில், ஆறு போர், ஆறு காம்பவுண்ட். எனக்குப் பையன் ஒருத்தன்தான், ஆனால் யானை வழியில் அஞ்சு சென்ட்டுக்குச் சுவர் வைத்தவள் நான். கோவை மாநகராட்சி 2011இல் எழுபத்திரண்டு வார்டிலிருந்து நூறு வார்டாக விரிந்தது. உள்ளே விலை ஏற ஏற என்னைப்போல மாசச் சம்பளக்காரர்களைத்தான் வெளியே தள்ளும். தள்ளத் தள்ள மலையில் போய் முட்டுவோம். யானைக்குத் தள்ளிப்போக அந்தப் பக்கம் அட்டப்பாடி, அங்கேயும் இதே கதை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவாவது தீனி வேண்டும். காட்டில் உண்ணிச்செடி மண்டிப் புல்லை அழித்த இடத்தில் அது அலைந்து பொறுக்குவதை, என் சமையல்கட்டில் மூட்டையாகக் கட்டிவைத்திருந்தேன். வராமல் என்ன செய்யும்?

2019இலிருந்தே விற்கப் பார்த்தேன். 2016க்கு முன்னாலேயே மனையாகப் பதிவான இடம் என்பதால் மறுபடி பதிய வழி இருந்தது. ஆனால் வரன்முறைப்படுத்தாத இடத்துக்கு வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது. அதனால் கையில் ரொக்கம் உள்ளவர்கள் மட்டும் வந்தார்கள், பாதி விலை கேட்டார்கள். யானை வருமா என்று கேட்ட முதல் ரெண்டு பேரிடமும் உள்ளதைச் சொன்னேன். திரும்பி வரவில்லை. புரோக்கர் என்னைத் திட்டினார். மூன்றாவது தடவை வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். வந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அவர் கேட்கும் முன்னாலேயே அத்தை, "சமையல்கட்டுச் செவுரு புதுசு சாமி, யானை இடிச்சு மறுக்கா கட்டுனது" என்று போட்டு உடைத்துவிட்டார். அந்த மனுஷன் முகம் மலர்ந்து, "அப்ப உக்காந்த இடத்துலயே யானை பாக்கலாமுங்களா!" என்றார். சனி ஞாயிறு வந்து தங்கத்தான் வாங்குகிறாராம். 2022 சித்திரையில் இருபத்தோரு லட்சத்துக்குக் கொடுத்தேன். போட்டது முப்பது லட்சத்து அறுபத்தெட்டாயிரம். வட்டியாகப் போனது ஐந்து லட்சத்துக்கு மேல். இப்போது துடியலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பையனுக்கு இன்னும் ராத்திரி நாய் குரைப்பு நின்றால் விழிப்பு வந்துவிடுகிறது.

போன மாசம் அந்தக் காவலர் கூப்பிட்டார், மகள் சடங்குக்குச் சொல்ல. பேச்சோடு பேச்சாக வீட்டைப் பற்றிக் கேட்டேன். காம்பவுண்டைப் பத்தடிக்கு உயர்த்தி, பள்ளத்துப் பக்கமும் சேர்த்து மூடிக் கேட் போட்டுவிட்டாராம் திருப்பூர்க்காரர்.

"இப்ப உங்க ஊட்டுப் பக்கம் வர்றதில்லீங்க்கா. சுத்திக்கிட்டு பால்வாடி வழியாப் போகுது."

சடங்குக்குப் போகும்போது பார்க்க வேண்டும், அந்தப் பால்வாடியில் அரிசி மூட்டையை எந்தச் சுவரோரம் வைத்திருக்கிறார்கள் என்று.